மூட மறுக்கும் வாசல்: ஒரு சிலந்தி, ஒரு நரம்பு, 54 வருஷத் தேடல்

1/
வருஷம் 1927. ஆஸ்திரேலியாவின் சிட்னி. தோர்ன்லீ என்ற புறநகர்ப் பகுதியில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை ஒரு கறுப்புச் சிலந்தி கடித்தது. அன்றே அவன் இறந்துபோனான்.

"சிலந்தி கடிச்சா மனுஷன் சாவானா?" அந்த ஊர் மருத்துவர்களுக்கே அது புதுக் கேள்விதான். அந்தச் சிலந்தியால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது.

2/
அந்த மரணத்தையும் சேர்த்து 1980 வரை, அதே சிலந்தியால் இறந்ததாகப் பதிவானவர்கள் மொத்தம் 13 பேர்.

"வெறும் 13 பேரா? இதுக்கா இவ்ளோ பெரிய த்ரெட்?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. இந்த இழையின் கடைசியில் அந்தக் கேள்விக்கே திரும்ப வர்றேன். அதுக்குள்ள நம்ம எல்லார் உடம்பிலும் இருக்கிற ஒரு குட்டி வாசலைப் பற்றித் தெரிஞ்சுக்கலாம். அந்த வாசல் ஒழுங்கா மூடுறதாலதான் நீங்க இப்போ இதை அமைதியா உட்கார்ந்து படிக்கிறீங்க.

3/
முதல்ல சிலந்தி. பெயர் சிட்னி ஃபனல் வெப் ஸ்பைடர். அறிவியல் பெயர் அட்ராக்ஸ் ரொபஸ்டஸ். ஈரமான மண்ணில், பாறைக்கு அடியில், மக்கிய மரக்கட்டைக்குக் கீழே வளை தோண்டி, வாசலில் புனல் மாதிரி வலை பின்னி உட்கார்ந்திருக்கும். 1877லேயே இதற்குப் பெயர் வைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் இது ஆளைக் கொல்லும் என்று தெரிய இன்னும் 50 வருஷம் ஆனது.

பெண் சிலந்தி பெரும்பாலும் வளையை விட்டு வராது. ஆண் சிலந்தி அப்படி இல்லை. வெயில் காலத்தில் ஜோடி தேடி இரவில் அலையும். அப்படி அலையும்போது வீட்டுக்குள் வரும். கழற்றிப் போட்ட ஷூவுக்குள், தரையில் கிடக்கும் துணிக்குள் ஒதுங்கும்.

4/
இறந்தவர்களைக் கடித்த சிலந்திகளில் இன்னது என்று அடையாளம் தெரிந்தவை எல்லாமே ஆண்.

வழக்கமா நாம சிலந்தி என்றால் பெண் தான் பெரிசு, பெண் தான் ஆபத்து என்று நினைப்போம். பிளாக் விடோ சிலந்தி எல்லாம் அப்படித்தான். இங்கே தலைகீழ். இந்தத் தலைகீழ் விஷயம்தான் பின்னால் மருந்து கண்டுபிடிக்கவும் உதவியது. ஞாபகம் வெச்சுக்கோங்க.

5/
கடித்தால் என்ன ஆகும்?

முதலில் பயங்கர வலி. சில நிமிஷங்களில் வாயைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கு துடிக்கும். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியும். வியர்வை கொட்டும். கண்ணில் நீர், வாயில் எச்சில் நிற்காமல் ஊறும். தசைகள் தனித்தனியாகத் துள்ளும். ரத்த அழுத்தம் எகிறும், இதயம் தாறுமாறாக ஓடும். நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டும். பிறகு அழுத்தம் சரிந்து விழும்.

சின்னக் குழந்தை என்றால் இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடலாம். (எல்லாக் கடியும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலான கடிகளில் ஆபத்தான அளவுக்கு விஷம் ஏறுவதே இல்லை. ஆனால் எந்தக் கடி ஏறும், எது ஏறாது என்று கடிக்கும்போது யாருக்கும் தெரியாது.)

6/
இந்த அறிகுறிப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. வியர்வை, எச்சில், கண்ணீர், தசை, இதயம், ரத்தக்குழாய். ஒவ்வொன்றும் வேறு வேறு உறுப்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: எல்லாமே நரம்பு சொல்வதைக் கேட்டு வேலை செய்பவை.

பாம்பு விஷத்தில் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பு அனுப்பும் சேதியைத் தசைக்குப் போகவிடாமல் தடுக்கும். கண் இமை விழும், மூச்சுத் தசை நிற்கும். எல்லாம் அமைதியாகிப் போகும் மரணம் அது. இங்கே நேர் எதிர். எல்லா நரம்பும் ஒரே நேரத்தில் கத்துகிறது.

7/
அந்தக் காலத்து மருத்துவர்களிடம் இதற்கு என்ன இருந்தது? அட்ரோபின், ஆக்சிஜன், பின்னாளில் வென்டிலேட்டர். அறிகுறிகளை ஒவ்வொன்றாகத் துரத்தலாம். சிலர் அப்படிப் பிழைத்தார்கள். சிலர், தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லா வசதியும் இருந்தும் இறந்தார்கள்.

வேண்டியது ஒன்றுதான்: விஷத்தையே முறிக்கும் ஆன்டிவெனம்.

8/
இப்போது மெல்போர்னுக்குப் போவோம். அங்கே காமன்வெல்த் சீரம் லேபரட்டரீஸ், சுருக்கமாக சி.எஸ்.எல். அரசு நிறுவனமாக 1916ல் தொடங்கப்பட்டது. தடுப்பூசி, பாம்புக்கடி மருந்து எல்லாம் தயாரித்தது.

அங்கே வேலை பார்த்த சால் வீனர் என்ற மருத்துவர் 1956ல் ரெட்பேக் என்ற இன்னொரு ஆஸ்திரேலியச் சிலந்திக்கு ஆன்டிவெனம் கொண்டுவந்தார். அதே கையோடு ஃபனல் வெப் சிலந்திக்கும் முயன்றார். முடியவில்லை.

9/
ஏன் முடியவில்லை? ஆன்டிவெனம் செய்யும் முறை நம்ம ஊர் பாம்புக்கடி மருந்துக்கும் இதற்கும் ஒன்றுதான். ஒரு மிருகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றுவோம். அதன் உடம்பு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கும். அந்த ரத்தத்திலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவோம்.

இந்தச் சிலந்தியிடம் மூன்று முட்டுக்கட்டை.

ஒன்று, ஒரு சிலந்தியிடம் கிடைக்கும் விஷம் கண்ணுக்குத் தெரியாத துளி. ஒரு மில்லிகிராம் சேர்க்கவே பல சிலந்திகள் வேண்டும்.
இரண்டு, அதில் உள்ள நச்சுப் புரதம் ரொம்பச் சின்னது. சின்னப் புரதத்தை மிருகத்தின் எதிர்ப்பு மண்டலம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.
மூன்றாவது தான் விசித்திரம்.

10/
முயலுக்கு இந்த விஷத்தை ஏற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பூனை, நாய்க்கும் அப்படியே. வளர்ந்த எலி கூடத் தாங்கும்.

ஆனால் மனிதன் சாவான். குரங்கு சாகும். பிறந்த எலிக்குஞ்சு சாகும்.

ஆய்வுக்கூடத்தில் கையாள எளிதான மிருகங்களில் மனிதனுக்கு வரும் நோய் வரவே இல்லை. எதை வைத்து ஆராய்வது? மருந்து வேலை செய்கிறதா என்று எதில் பார்ப்பது?

11/
1966ல் சி.எஸ்.எல்.லில் ஸ்ட்ரூவன் சதர்லாந்து என்ற மருத்துவர் சேர்ந்தார். இந்தக் கதையின் நாயகர். ஃபனல் வெப் சிலந்தியை விடாமல் பிடித்துக்கொண்டவர் இவர்தான். ஒரு வழி அடைபட்டால் அடுத்தது. பல வருஷங்கள் தோல்வி மட்டும்தான் கிடைத்தது.

அதற்குள் வருஷங்கள் ஓடின. இடையிடையே சிட்னியிலிருந்து மரணச் செய்தி வரும். மருந்து இன்னும் தயாரில்லை.

12/
மருந்து தயாராகவில்லை என்றால் என்ன, மருத்துவமனை போய்ச் சேரும் வரை விஷத்தைத் தாமதப்படுத்த முடியுமா? இது சதர்லாந்தின் இன்னொரு கேள்வி.

அதுவரை உலகம் முழுக்கப் பழக்கம்: கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு, கத்தியால் கீறு, வாயால் உறிஞ்சு. இவற்றால் கேடுதான் அதிகம்.

சதர்லாந்தும் அவர் குழுவும் குரங்குகளில் சோதித்து 1979ல் ஒரு புது முறையைச் சொன்னார்கள். கடிபட்ட கை கால் முழுவதையும், சுளுக்குக்குச் சுற்றுவது போல அகலமான பேண்டேஜால் சுற்று. கட்டை வைத்து அசையாமல் வை. அவ்வளவுதான். விஷம் நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் பெரும்பாலும் பயணிக்கிறது. அவை லேசான அழுத்தத்திலேயே அடைபடும், அசையாவிட்டால் ஓட்டமும் குறையும். ரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டியதே இல்லை.

13/
ஃபனல் வெப் விஷத்தில் இதற்கு ஒரு கூடுதல் லாபமும் தெரிந்தது. கட்டுக்குள் அடைபட்ட விஷம், நேரம் போகப்போகக் கடித்த இடத்திலேயே வலுவிழந்தது.

இங்கே ஒரு நிமிஷம். இதைப் படிச்சிட்டு நம்ம ஊர் பாம்புக்கடிக்கு யாரும் வீட்டிலேயே கட்டுப் போட ஆரம்பிச்சிடாதீங்க. கண்ணாடி விரியன் கடியில் கடித்த இடத்திலேயே திசு அழுகும், அங்கே அழுத்திக் கட்டுவது கேடு. நமக்கான பாடம் இது: இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட பாகத்தை அசைக்காமல் வைத்து, ஆன்டிவெனம் உள்ள மருத்துவமனைக்கு உடனே போ.

14/
சரி, ஆன்டிவெனத்துக்கு வருவோம். 4ஆம் பகுதியில் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, ஆண் சிலந்தி? ஆணின் விஷம் பெண்ணின் விஷத்தை விடப் பல மடங்கு கொடியது. ஆளைக் கொல்லும் நச்சு ஆணிடம்தான் நிறைய இருக்கிறது.

சதர்லாந்து குழு ஆண் சிலந்தியின் விஷத்தைச் சேர்த்து, எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடும் பொருளோடு கலந்து, முயல்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான ஆன்டிவெனத்துக்குக் குதிரை. அவ்வளவு பெரிய உடம்புக்கு வேண்டிய விஷத்துக்கு எங்கே போவது? முயல் போதும்.

பாருங்க, முயலுக்கு இந்த விஷத்தால் ஒன்றும் ஆகாது என்பது முட்டுக்கட்டையாக இருந்ததே, அதுவே இப்போது வசதியானது. விஷத்தைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருந்து எதிர்ப்புப் புரதம் உண்டாக்க முயலால் முடிந்தது.

15/
1980ல் முயல் ரத்தத்திலிருந்து பிரித்த மருந்து குரங்குகளைக் காப்பாற்றியது. மனிதரில் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. யாரையாவது சிலந்தி கடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1981 ஜனவரி 31. சிட்னியில் ஒருவரைக் காலில் ஃபனல் வெப் கடித்தது. ராயல் நார்த் ஷோர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் மால்கம் ஃபிஷர் என்ற மருத்துவர். இந்தக் கடிக்கு ஏற்கெனவே சிகிச்சை செய்து பழகியவர். முயல் மருந்து முதன்முதலாக ஒரு மனிதரின் ரத்தத்தில் ஏறியது.

அவர் வேகமாகத் தேறினார். பிழைத்தார்.

16/
அன்று முதல் இன்று வரை, ஃபனல் வெப் கடியால் இறந்ததாக உறுதியான மரணம் ஒன்று கூட இல்லை.

ஒன்று கூட.

1927லிருந்து 1981 வரை 54 வருஷம். அதற்குப் பிறகு 40 வருஷத்துக்கும் மேலாகப் பூஜ்யம். எங்கள் துறையில் இப்படி ஒரு கோடு போட்டு "இதற்கு முன், இதற்குப் பின்" என்று சொல்லக்கூடிய மருந்துகள் ரொம்பக் குறைவு.

17/
ஆனால் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? மருந்து வந்துவிட்டது. விஷத்தில் உள்ள எந்தப் புரதம் கொல்கிறது என்று அப்போது முழுசாகத் தெரியாது. அது நரம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்றும் தெரியாது.

திருடன் யார் என்று தெரியும் முன்பே பூட்டு செய்தாகிவிட்டது. இனி திருடனைத் தேட வேண்டும். அதற்கு நரம்பு எப்படிப் பேசுகிறது என்று தெரிய வேண்டும்.

18/
உங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சோடியம் 140 என்று போட்டிருக்கும். அது ரத்தத்தில், அதாவது செல்லுக்கு வெளியே இருக்கும் அளவு. நரம்பு செல்லுக்கு உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குதான். வெளியே கூட்டம், உள்ளே காலி. நடுவே சுவர். அந்தச் சுவரில் சோடியத்துக்கென்றே தனி வாசல்கள். அவைதான் சோடியம் சேனல்கள்.

நரம்பில் சேதி போவது என்றால் என்ன? வாசல் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், அந்த இடத்தின் மின்னழுத்தம் மாறும். அது பக்கத்து வாசலைத் திறக்கும். அப்படியே வரிசையாக. காலில் முள் குத்திய சேதி மூளைக்கு வருவது இந்த வழியில்தான்.

19/
இதைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தின் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி. கணவாய் மீனுக்கு ஒரு ராட்சத நரம்பு இழை உண்டு, கண்ணால் பார்க்கக்கூடிய தடிமன். அதில் மின்கம்பி நுழைத்து அளந்தார்கள். 1952ல் கட்டுரைகள், 1963ல் நோபல் பரிசு.

அவர்கள் சொன்னதில் நம்ம கதைக்கு முக்கியமானது ஒன்று. சோடியம் வாசல் திறப்பது மட்டுமில்லை, திறந்த வேகத்தில் தானாகவே அடைத்தும் கொள்கிறது. ஓரிரு மில்லி செகண்டில். அடைத்தால்தான் ஒரு சேதி முடிந்து நரம்பு ஓய்வுக்கு வரும்.

20/
எப்படித் தானாக அடைக்கிறது? உங்க வீட்டு ஓவர்ஹெட் டேங்கை நினைச்சுக்கோங்க. தண்ணீர் ஏற ஏற உள்ளே மிதக்கும் பந்து மேலே வரும். குறிப்பிட்ட உயரம் வந்ததும் அந்தப் பந்தே குழாயை மூடிவிடும்.

சோடியம் வாசலில் மின்னழுத்தத்தை உணரும் நான்கு பாகங்கள் இருக்கின்றன. மின்னழுத்தம் மாறினால் அவை இடம் பெயரும். முதல் மூன்றும் அசைந்தால் வாசல் திறக்கும். நான்காவது கொஞ்சம் தாமதமாக அசையும். அது அசைந்ததும் உள்பக்கத்திலிருந்து ஒரு மூடி வந்து வாசலை அடைத்துவிடும். நான்காவதுதான் அந்த மிதவைப் பந்து.

21/
இந்த வாசலோடு விளையாடும் நஞ்சுகள் நிறைய. ஜப்பானியர் சாப்பிடும் பஃபர் மீனில் உள்ள டெட்ரோடோடாக்ஸின் அதில் பிரபலமானது. அது வாசலுக்கு வெளியே கார்க் மாதிரி போய் அடைத்துவிடும். சோடியம் நுழையாது. நரம்பு ஊமையாகும். 1964ல் இதைக் காட்டியவர்களில் தோஷியோ நராஹாஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி முதன்மையானவர்.

பல் பிடுங்கும்போது டாக்டர் போடும் மரப்பு ஊசி, லிக்னோகெய்ன், அதுவும் இதே வாசலைத்தான் அடைக்கிறது. கொஞ்ச இடத்தில், கொஞ்ச நேரத்துக்கு. நஞ்சுக்கும் மருந்துக்கும் வாசல் ஒன்றுதான்.

22/
இப்போது சிலந்தி. 1985ல் சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அட்ராக்ஸ் விஷத்தின் கொலைகாரப் புரதத்தைப் பிரித்து அதன் அமைப்பை எழுதினார்கள். ரொபஸ்டாக்ஸின் என்று பெயர். வெறும் 42 அமினோ அமிலங்கள். சோடியம் வாசலில் சுமார் 2000. யானை முன் எறும்பு.

அந்தக் குட்டிப் புரதத்தை நான்கு கந்தகப் பிணைப்புகள் முடிச்சுப் போட்ட மாதிரி இறுக்கி வைத்திருக்கின்றன. எளிதில் சிதையாது.

23/
அது வாசலில் என்ன செய்கிறது? ப்ளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் இதே குடும்பத்துச் சிலந்தி ஒன்று உண்டு. அதன் நஞ்சு ரொபஸ்டாக்ஸினுக்கு உடன்பிறப்பு மாதிரி. 1994ல் அதை நரம்பு செல்களில் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே நராஹாஷி. 30 வருஷம் முன்பு வாசலை அடைக்கும் நஞ்சைக் காட்டியவர்.

இந்த முறை பார்த்தது நேர் எதிர். வாசல் திறக்கிறது. மூட மாட்டேன் என்கிறது.

24/
டேங்க் உதாரணத்துக்குத் திரும்புவோம். சிலந்தியின் நஞ்சு குழாயை உடைப்பதில்லை. மிதவைப் பந்தை மட்டும் கீழே கட்டிப் போட்டுவிடுகிறது. நான்காவது உணர்பாகம் அசைய முடியாது. மூடிக்கு உத்தரவு போகாது. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், டேங்க் வழியும்.

சோடியம் உள்ளே கசிந்துகொண்டே இருந்தால் நரம்பு ஒரு முறை பேசி நிறுத்தாது. தானாகத் திரும்பத் திரும்பச் சுடும். அதன் முனையிலிருந்து அசிடைல்கோலின், நார் அட்ரினலின் எல்லாம் கொட்டும். முதலாவது எச்சில், கண்ணீர், தசைத் துடிப்பு. இரண்டாவது ரத்த அழுத்தம், இதய ஓட்டம், மயிர்க்கூச்சு. 5ஆம் பகுதிப் பட்டியலை இப்போ திரும்பப் படிங்க. ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரியும்.

25/
ஆன்டிவெனம் ஏன் அவ்வளவு வேகமாக வேலை செய்தது என்றும் இப்போது புரிகிறது. நஞ்சு நரம்பை அழிக்கவில்லை, வாசலோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளவும் இல்லை. ரத்தத்தில் உள்ள நஞ்சை எதிர்ப்புப் புரதம் வாரி எடுத்தால், வாசலில் இருப்பதும் கழன்று வரும். பந்து மறுபடி மிதக்கும்.

இன்னொன்று. இந்த மருந்தில் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே டோஸ்தான். பாராசிட்டமால் மாதிரி எடைக்கு ஏற்பக் குறைப்பதில்லை. ஏன்னா நாம முறிப்பது உடம்பை இல்லை, விஷத்தை. சிலந்தி ஆள் பார்த்து அளந்து கடிப்பதில்லை.

26/
முயலுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இந்த விஷத்தைத் தாங்கும் மிருகங்களின் ரத்தத்தில் இயல்பாகவே உள்ள எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சை ஓரளவு செயலிழக்கச் செய்கின்றன. நம்முடையவை செய்வதில்லை.

அப்போ இந்தச் சிலந்தி மனிதனைக் கொல்லவென்றே நஞ்சு வைத்திருக்கிறதா? இல்லவே இல்லை. ஆஸ்திரேலியாவில் மனிதன் கால் வைப்பதற்கு முன் குரங்கினமே கிடையாது. இந்தச் சிலந்தி வம்சமோ அதற்கெல்லாம் பல கோடி வருஷம் முந்தையது. 2020ல் வந்த ஓர் ஆய்வு, வளையை விட்டு வெளியே அலையும் ஆண் சிலந்தி, தன்னைத் தின்ன வரும் பிராணிகளிடமிருந்து தப்பிக்கவே இந்த நஞ்சு வளர்ந்தது என்கிறது. நம் நரம்பின் வாசலும் அதற்குப் பொருந்திப் போனது நம் கெட்ட நேரம். நாம் அதன் இரையும் இல்லை, எதிரியும் இல்லை. தெரியாமல் ஷூவுக்குள் கால் விட்டவர்கள்.

27/
"ஆஸ்திரேலியா கதை நமக்கு எதுக்கு?" இந்தச் சிலந்தி இந்தியாவில் இல்லை, சரி. ஆனால் இதே மிதவைப் பந்தைக் கட்டிப்போடும் இன்னொரு பிராணி நம்ம நாட்டில் இருக்கிறது: சிவப்புத் தேள். அதன் அறிவியல் பெயரே ஹொட்டென்டோட்டா டாமுலஸ். அதன் நஞ்சும் சோடியம் வாசலை மூட விடாது. வியர்வை, குளிர்ந்த கை கால், எகிறும் அழுத்தம், நுரையீரலில் நீர். அச்சு அசல் அதே படம்.

மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை இந்த நோயாளிகளைக் காப்பாற்றுவதைக் காட்டினார். நரம்பு கொட்டும் நார் அட்ரினலின் ரத்தக்குழாயை இறுக்காமல் அது தடுக்கிறது. 2011ல் அவரே, ஆன்டிவெனமும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் வேகமாகத் தேறுகிறார்கள் என்று ஆய்வு வெளியிட்டார். தேள் கொட்டினால் மந்திரிக்கப் போகாதீங்க. முக்கியமாகக் குழந்தைகளுக்கு. வியர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

28/
இந்த வாசல் இன்று மருந்து ஆராய்ச்சியிலும் முக்கியமான இடம். மனிதனில் சோடியம் வாசல் ஒன்பது வகை. அதில் ஒரு வகை, Nav 1.7 என்பதைத் தமிழில் நேவ் 1.7 என்று வைத்துக்கொள்வோம், பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு வலியே தெரியாது. பாகிஸ்தானில் சில குடும்பங்களை ஆராய்ந்து 2006ல் இதைக் கண்டார்கள். அந்த ஒரு வாசலை மட்டும் அடைத்தால் போதை இல்லாத வலி நிவாரணி கிடைக்குமே? டரான்டுலா வகைச் சிலந்திகளின் விஷத்தில் அந்த வாசலை அடைக்கும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றை மருந்தாக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். எளிதாக இல்லை. சதர்லாந்துக்கும் எளிதாக இருக்கவில்லை.

29/
இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். 54 வருஷத்தில் 13 பேர். இதுக்கு இவ்வளவு உழைப்பு தேவையா?

கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் தேவையில்லை. இதில் லாபம் கிடையாது. வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள். எந்தத் தனியார் நிறுவனமும் இதற்கு 14 வருஷம் சம்பளம் கொடுத்து ஒரு மருத்துவரை உட்கார வைத்திருக்காது. செய்தது ஓர் அரசு ஆய்வுக்கூடம். அது 1994ல் தனியார்மயமானது. அதே வருஷம் சதர்லாந்து அங்கிருந்து வெளியேறி, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் விஷ ஆராய்ச்சிக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2002ல் மறைந்தார்.

30/
மருந்து இன்றும் தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷம் எங்கிருந்து? சிட்னிக்கு வடக்கே உள்ள ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க் என்ற விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து. அங்கே ஆண் சிலந்திகளைச் சீண்டி, பல்லின் நுனியில் வரும் துளியை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரு குப்பி மருந்துக்கு எத்தனையோ முறை இதைச் செய்ய வேண்டும்.

அந்தச் சிலந்திகளைப் பிடித்துக் கொடுப்பவர்கள்? சிட்னியின் சாதாரண மக்கள். வீட்டில் சிலந்தியைப் பார்த்தால் செருப்பால் அடிக்காமல், பாட்டிலில் பத்திரமாகப் பிடித்து, குறிப்பிட்ட மருத்துவமனைகளிலும் சேகரிப்பு இடங்களிலும் ஒப்படைக்கிறார்கள். கொல்ல வந்ததையே பிடித்துக் கொடுத்து, முகம் தெரியாத யாரோ ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறார்கள்.

31/
அரிதான நோய் என்று நாங்கள் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோவோம். அந்த வீட்டில் அது அரிது இல்லை. அங்கே அது நூற்றுக்கு நூறு. 1927ல் தோர்ன்லீயில் அந்தப் பெற்றோருக்குச் சொல்ல யாரிடமும் பதில் இல்லை. இன்று அதே இடத்தில் அதே வயதுக் குழந்தையை அதே சிலந்தி கடித்தால், பேண்டேஜ் சுற்றி, ஆம்புலன்ஸில் ஏற்றி, மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"எத்தனை பேருக்கு வருது?" என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த மருந்து வந்திருக்காது.

நம்ம ஊர் தேள், சிலந்தி, பாம்புக்கடி பற்றிக் கேள்வி இருந்தா கமெண்ட்ல கேளுங்க, முடிஞ்ச வரை பதில் சொல்றேன். முதலுதவிப் பகுதியை மட்டுமாவது வீட்டுப் பெரியவங்களுக்கு அனுப்புங்க.